அசைந்த ஸட்ஜம்

பிள்ளைகளே, பௌர்ணமிப் போயா லீவு நாட்களில் மத்தியானச் சோறு சாப்பிட்ட கையோடு நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நானாவின் கடைக்கு. அங்கே போய் என்ன செய்கிறேன் என்பதுதான் உங்களுக்கு விளங்காத விஷயம். "பாட்டுக் கேக்கப் போறாரு" என்று உங்கள் அம்மா சொல்வாள். "அத வீட்டிலயே கேக்கலாந்தானே" என்பான் சின்னவன். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, போன மழைக்காலத்தில் எங்களுக்குள் நடந்த ஒரு காரியம்தான் அதற்குச் சரியான பதில் என்று பட்டது. நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

நானா மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரி. அவர் கடைத் தராசில்தான் எனக்கு வேலை. மற்ற நாட்களில் அவர் முதலாளி, நான் ஆள். போயா அன்று அப்படி இல்லை. கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு, பின்னறையில் சாக்குகளுக்கு நடுவில் இரண்டு வாங்குகளைப் போட்டு உட்காருவோம். நானா, நான், கலேவெலயிலிருந்து பஸ் ஏறி வரும் தபால் ஐயா. ஐயா போஸ்ட்மாஸ்டராக இருந்து பென்ஷன் வாங்கியவர். சங்கீதத்தின் இலக்கணமெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒரு முஸ்லிம் வியாபாரிக்குக் கர்நாடக சங்கீதத்தில் எப்படி இவ்வளவு ஆசை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். அவர் சிறு பையனாக இருந்தபோது, வாப்பாவின் கடைக்கு எதிரே ரேடியோ திருத்துகிற ஒருவர் இருந்தாராம். திருத்தி முடிந்த ஒவ்வொரு ரேடியோவையும் மெட்ராஸ் ஸ்டேஷனைப் பிடித்துத்தான் சோதிப்பாராம். "அந்தாளு ஒழுங்கா வேல செஞ்சீந்தா நா இந்தப் பழக்கத்துல விழுந்தீக்க மாட்டேன் தம்பி. ஒவ்வொரு ரேடியோவும் ரெண்டு மூணு தரம் திரும்பி வரும்" என்று நானா சொல்வார்.

எங்கள் வழக்கம் இதுதான். ஒரே பாட்டை இரண்டு பேர் பாடிய இரண்டு ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துப் போடுவோம். பாடியவர் யார் என்று கொண்டுவந்தவர் சொல்லக்கூடாது. பாட்டு ஓடும்போது வாய் திறக்கக்கூடாது. வாங்கில் இரண்டு பீரிசுத் தட்டுகள் இருக்கும், முதல் பாட்டுக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று. கேட்டு முடிந்ததும் ஆளுக்கொரு கராம்பைப் பிடித்த பாட்டின் பீரிசில் போட வேண்டும். வென்ற பீரிசின் கராம்புகளைப் பாலில்லாத பிளேன்டியில் போட்டுக் குடிப்போம். அதன் பிறகுதான் சண்டை. ஏன் இது, ஏன் அது இல்லை, அந்த இடத்தில் குரல் எங்கே போனது, வயலின் ஏன் தயங்கியது. வீட்டில் தனியாகக் கேட்டால் இந்தச் சண்டை கிடைக்காது, சின்னவனே.

என்னிடம் ஒரு கெசட் இருந்தது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கராக வேலை செய்த என் மாமா, தன்னிடமிருந்த இசைத்தட்டுகளில் சிலவற்றைக் கெசட்டில் பிடித்து வைத்திருந்தார். அவர் செத்த பிறகு அத்தை எனக்குக் கொடுத்தது இந்த ஒன்றைத்தான். அதில் ஓர் அம்மா தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடியிருந்தார். நான் அதை போனுக்கு மாற்றி வைத்திருந்தேன்.

அந்தப் பாட்டில் ஓர் இடம். சரணத்தில் அந்த அம்மா மேலே போய், மேல் ஸட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், நீளமாக நிற்பார். நின்ற குரல் அப்படியே மெதுவாகக் கீழே வழியும். ஒரேயடியாக விழாது. சரிவில் இறங்குகிற வண்டி மாதிரி நிதானமாக இறங்கி, எங்கேயோ ஒரு இடத்தில் தயங்கி, மறுபடி மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். முதல்முறை அதைப் போட்டபோது தபால் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஸட்ஜம் அசையாதுங்களே!" என்றார். "மத்த சுரமெல்லாம் ஆடலாம், குலுங்கலாம். ஸட்ஜமும் பஞ்சமமும் நட்ட தூணு. இந்தம்மா தூணையே அசைச்சிருச்சே! எவ்வளவு தைரியம் இருக்கணும்!"

அன்றைக்கு எல்லாக் கராம்பும் என் பீரிசில் விழுந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பாட்டு தோற்றதே இல்லை. தோடியில் எதைக் கொண்டுவந்து போட்டாலும் கடைசியில் "அந்த இடம் இதுல இல்லையே" என்பதில் வந்து முடியும். வேறு யாரிடமும் இல்லாத பதிவு அது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. தராசில் நிற்கிற ஒருவனுக்கு வேறென்ன பெருமை வரப்போகிறது.

நானா மட்டும் அடிக்கடி முணுமுணுப்பார். அதே அம்மா அதே பாட்டைப் பாடிய ஒன்று அவருடைய பென் டிரைவிலும் இருந்தது.

"தம்பி, இதுவும் அதுவும் ஒன்னுதான்டு எனக்கி மனசு செல்லுது."

"அது எப்படி நானா? உங்களுதுல குரல் தடிச்சிருக்கு. இதுல சின்னப் பிள்ள குரல் மாதிரி இருக்கு. இது அவங்க இளவயசுல பாடினது."

"உங்களுதுல ஸட்ஜம் கல்லு மாதிரி நிக்கிது. இதுல நடக்குது. ஒன்னாகுமா?" என்று தபால் ஐயாவும் என் பக்கம் சேர்ந்துகொள்வார்.

"சரி சரி. நா மொளகு விக்கிறவன். எனக்கி என்ன தெரியும்" என்று நானா பிளேன்டியை உறிஞ்சுவார்.

போன வருஷம் எங்களோடு டீச்சர் சேர்ந்தார். பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவர். பெரியவளின் பள்ளிக்கூடக் கலை விழாவுக்கு நான் போனபோது எங்கள் போயாப் பேச்சு வந்து, "நானும் வரலாமாண்ணே?" என்று கேட்டார். வந்த முதல் நாளே நானாவோடு சரிக்குச் சரி சண்டை போட்டதால் நானாவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

டீச்சர் நன்றாகப் பாடுவார். ஆனால் வெளியே பாடுவதில்லை. சிறுமியாக இருந்தபோது அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒருவர், "உனக்குக் குரல் இருக்கு, காது இல்ல" என்று சொல்லிவிட்டாராம். காது என்றால் சுருதி ஞானம். பின்னால் நிற்காமல் ஒலிக்கும் தம்புராவோடு குரல் ஒட்டுகிறதா விலகுகிறதா என்று தெரிகிற அறிவு. அந்த ஒரு சொல்லை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டு பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் நச்சரித்துக் கொழும்பில் ஒரு வானொலி நடத்தும் குரல் தேர்வுக்கு அவரை விண்ணப்பிக்க வைத்தோம். அதில் தேறினால் வானொலியில் பாடலாம். பெரிய பாட்டாக எதைப் பாடப் போகிறார் என்று கேட்டால், என் கெசட்டிலிருந்த அந்தத் தோடியைத்தான் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

தேர்வுக்கு முந்தின போயாவில் டீச்சர் வந்தார். முகம் சரியில்லை. பாட்டு எதுவும் போடுவதற்கு முன்னாலேயே, "நா போகலங்கண்ணே" என்றார்.

"எங்க போகல?"

"கொழும்புக்கு."

நானா பதறிவிட்டார். "ஏன் டீச்சர், பஸ் இல்லாமலா? நா வேன் ஒன்டு போட்டுத் தாரேன்."

"பஸ்ஸு இருக்கு நானா. காதுதான் இல்ல."

போனில் சுருதிப் பெட்டியைப் போட்டார். தம்புரா ஒலிக்கத் தொடங்கியது. அதோடு சேர்ந்து மேல் ஸட்ஜத்தைப் பிடித்தார். அழகாக ஒட்டியது. பிறகு அந்த அம்மா செய்ததைப் போலவே குரலை மெல்ல இறக்கினார். அவ்வளவுதான். தகரத்தில் ஆணியால் கீறியதுபோல் எனக்கே பல் கூசியது. டீச்சர் நிறுத்திவிட்டார்.

"பாத்தீங்களா? அவங்க எறங்கினா இனிமையா இருக்கு. நா எறங்கினா சுருதி ஒடையுது. மூணு மாசமா இந்த ஒரு இடம். பாட்டோட தொடக்கத்துக்கே சுருதி சேர்க்கத் தெரியல எனக்கு. அஞ்சு கட்டைச் சுருதில வெச்சா பாட்டு மேல நிக்கிது, அஞ்சரைல வெச்சா கீழ நிக்கிது. அவரு சொன்னது சரிதான்."

"அந்த எடத்த விட்டுட்டுப் பாடுங்களேம்மா. நேரா நின்னாப் போச்சு" என்றார் தபால் ஐயா.

"நீங்கதான ஐயா சொன்னீங்க, அந்த எடம் இல்லாட்டி இந்தப் பாட்டே இல்லன்னு?"

ஐயா கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"விட்டுட்டுப் பாட முடியாம இல்லைங்க. அவங்களுக்கு அது சுருதியோட சேருது, எனக்குச் சேரல. அது ஏன்னே எனக்கு வெளங்கல. வெளங்காத காதை வெச்சுக்கிட்டு மைக் முன்னால நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அன்றைக்குக் கராம்பு போடவில்லை. டீச்சர் சீக்கிரமே போய்விட்டார். அடுத்து வந்த வியாழக்கிழமைதான் தேர்வு.

மறுநாள் காலையில் வீட்டில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு மட்டும் எப்படிச் சேர்கிறது? என்ன வித்தை அது? உங்கள் அம்மா குசினியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க அது, காலங்காத்தால? நம்ம கிரைண்டர் லோ வோல்டேஜில இழுக்குற மாதிரி இழுக்குது?"

"இது சங்கீதம். நீ தேங்காயப் பாரு."

"தேங்காயத்தாங்க பாக்குறேன். பக்கத்து வீட்டுல தண்ணி மோட்டரப் போட்டா இதுவும் இப்படித்தான் 'உய்ய்ய்'னு எறங்கி, அப்புறம் ஏறும். கேட்டுப் பாருங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கோ அந்தச் சொல் முள் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் கிரைண்டர் இழுக்கும்போது ஒரு சத்தம் மட்டும் இறங்குவதில்லை. எல்லாச் சத்தமும் சேர்ந்து இறங்கும்.

பெரியவளின் இயர்போனைக் கேட்டு வாங்கினேன். இதுவரை நாங்கள் அந்தப் பாட்டைக் கடையிலிருக்கும் ஸ்பீக்கரில்தான் கேட்டிருக்கிறோம். குரலைத் தவிர வேறெதையும் அதில் கவனித்ததில்லை. இப்போது குரலை விட்டுவிட்டு, பின்னால் மங்கலாக ஓடும் தம்புராவை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். அது கஷ்டமான வேலை. சந்தைக்குள் ஒரு ஆளின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பது மாதிரி. அந்த இடம் வந்தது. குரல் இறங்கியது. தம்புராவும் இறங்கியது.

மறுபடி போட்டேன். மிருதங்கத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். அதுவும் இறங்கியது. வயலின் இறங்கலாம், அது பாட்டுக்குப் பின்னால் போவதுதானே. மிருதங்கம் எப்படி இறங்கும்? அது வாரால் இழுத்துக் கட்டிய தோல். அதன் சுருதியைக் கூட்டிக் குறைக்கக் கல்லால் தட்ட வேண்டும். பாட்டின் நடுவில் தானாக இறங்கித் தானாக ஏறாது.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். தம்புரா என்பது மேசன் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரி. சுவர் நேராக எழும்புகிறதா என்று அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். சுவரும் ரசமட்டமும் சேர்ந்து சாய்ந்தால் சாய்வது யாருக்கும் தெரியாது. அதனால்தான் எங்களுக்கு இனித்தது. டீச்சரின் சுருதிப் பெட்டி சாயவில்லை. சாயாத ரசமட்டத்துக்குப் பக்கத்தில் அவர் சுவரைச் சாய்த்திருக்கிறார். சாய்வது அவர் காதுக்குத் தெரிந்திருக்கிறது!

கடைக்குப் போனதும் நானாவிடம் சொன்னேன். அன்று காலை வந்த மிளகை நிறுக்கக்கூட விடவில்லை அவர். "கொண்டாங்க ரெண்டையும்" என்றார். அவருடைய பதிவில் இரண்டாவது அடி முடிகிற இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். வயலின் வில் மைக்கில் பட்டிருக்கும்போல. அதை அவர் நெடுநாளாக அறிவார். என் பதிவில் அதே அடி முடிகிற இடத்தில் காதைக் கூர்மையாக்கிக் கேட்டோம். கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் முந்தி, அதே 'டொக்'.

"நா செல்லல்ல? நா செல்லல்ல?" என்று நானா சாக்கில் கையால் அடித்தார். மிளகுத் தூசி பறந்து இரண்டு பேரும் தும்மினோம். "ஒரே ரெக்கோட்டு! இளவயசுக் கொரல்டு கத வேற! உங்கட கெசட் வேகமா ஓடுது தம்பி, அதுதான் கொரலு மெலிஞ்சீக்கி. அதுதான் அந்த டீச்சர் புள்ளைக்கி அஞ்சு கட்டையும் சேரல்ல, அஞ்சரையும் சேரல்ல!"

அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப அந்தப் புள்ளட காதுல ஒரு குத்தமும் இல்ல."

அங்கேயே டீச்சருக்குப் போன் எடுத்தேன். இடைவேளை நேரம், பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்கண்ணே. நல்ல மனசு உங்களுக்கு."

"இல்லம்மா, நெசமா தம்புரா எறங்குது."

"ஒரு ரெக்கோர்டு எதுக்கு நடுவுல மட்டும் எறங்கி மறுபடி ஏறணும்? கெசட்டு பழசானா முழுக்க இழுக்கும். ஒரு இடத்துல மட்டும் ஏன்?"

காரணம் தெரியாமல் அவர் நம்பமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. நானா கல்லாவிலிருந்தே, "தம்பி, இன்டைக்கி லீவு. போங்க" என்றார். எங்கே போகச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மாமா கெசட் பிடித்தபோது பக்கத்தில் இருந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். அத்தை இப்போது நாவுலயில் மகனோடு இருக்கிறார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது என் மனது ஒரு பக்கமாக இருக்கவில்லை. காரணம் கிடைத்தால் டீச்சர் போவார். கிடைத்தால் என் கெசட்டும் போகும். எல்லாரிடமும் உள்ள ஒரு தட்டின் பிசகிய நகல் அது என்று ஆகிவிடும். அத்தை எதையாவது சொல்லி, "இல்லடா, இது வேற கச்சேரி" என்றுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதே நேரம், ஏன் அந்த இடத்தில் மட்டும் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற தவிப்பும் இருந்தது. அந்தத் தவிப்புத்தான் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மழை விட்ட வெயிலில் அத்தை முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகன் வயலுக்குப் போயிருந்தான்.

"என்னடா, கல்யாணமா, கருமாதியா? வேல நாளுல வந்திருக்க?"

"ஒரு பாட்டு கேக்க வந்தேன் அத்த."

"எனக்குப் பாடத் தெரியாது."

போனை அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து அந்த இடத்தைப் போட்டேன். குரல் இறங்கத் தொடங்கியதும் அத்தை சிரித்துவிட்டார். சிரிப்பென்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட, இன்னும் அழுவுதா இந்தப் பொம்பள!"

"அழுவுதா?"

"ரோலர் போட்டா அழுவும்டா. ஒங்க மாமா திட்டாத திட்டு இல்ல."

பிறகு விளக்கினார். தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, கவர்மெண்ட் கரண்ட் வருவதற்கு முன்னால், ஆற்றுத் தண்ணீரில் சுற்றுகிற மெஷின் ஒன்றிலிருந்துதான் கரண்ட். டீமேக்கர் குவார்ட்டர்சுக்கும் அதே வயர். தண்ணீர் நிறைய வந்தால் மெஷின் வேகமாகச் சுற்றும், ரெக்கோட் தட்டும் கூடவே வேகமாகச் சுற்றும். கொழுந்து உருட்டுகிற ரோலரைப் போட்டதும் மெஷினுக்குப் பாரம் ஏறி, கொஞ்ச நேரம் திணறும்.

"லைட்டு எல்லாம் மஞ்சளாப் போயிரும். ரெக்கோட் தட்டும் திணறும். பாட்டுக்காரி 'ஆஆ'ன்னு எறங்குவா. மெஷின் தாக்குப் பிடிச்சதும் மறுபடி ஏறுவா. எங்க வீட்டுப் பிள்ளைங்க, 'அம்மா, பாட்டம்மாவுக்கு ரோலர் போட்டுட்டாங்க'ன்னு கத்திக்கிட்டு ஓடுங்க."

"அப்ப கெசட்டும் திணறியிருக்குமே அத்த? ரெண்டும் சேந்து திணறினா கணக்குச் சரியாப் போயிருக்குமே?"

"அந்தக் கரண்ட்டுல ரேடியோவச் சொருகினா எரிஞ்சிரும்னு ஒங்க மாமாவுக்குப் பயம். கெசட்டு பிடிக்கிற ரேடியோவ எப்பவும் பேட்டரியிலதான் போடுவாரு. ரெக்கோட் பெட்டி மட்டுந்தான் வயர்ல."

பேட்டரியில் ஓடியது நிதானமாக ஓடி, வயரில் ஓடியது திணறியதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. அந்த அம்மா எங்கேயோ மெட்ராசில் ஸட்ஜத்தை நேராகத்தான் நிறுத்தியிருக்கிறார். மாத்தளை மலையில் யாரோ ஒரு ரோலர்காரர் சுவிட்சைப் போட்டிருக்கிறார். அதைத்தான் நாங்கள் கராம்பு போட்டுக் கொண்டாடினோம்.

"அத்த, இத அப்படியே ஒரு டீச்சருக்குச் சொல்றீங்களா? நான் சொன்னா நம்புறாங்க இல்ல."

அத்தைக்கு வாட்ஸ்அப்பில் பேசிப் பழக்கமில்லை. போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தோட்டத்து லய வரிசையின் கடைசி வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினார். "டீச்சரம்மா! அது பாட்டு இல்லம்மா! ரோலரு! ஸ்டோர்ல போட்ட ரோலரு! அத நீங்க பழகாதீங்க! தொண்ட கெட்டுப் போயிரும்!"

நான் மாத்தளை பஸ்ஸுக்கு நிற்கும்போது டீச்சரிடமிருந்து அழைப்பு வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அண்ணே."

"சொல்லுங்கம்மா."

"மூணு மாசமா நா ஒரு ரோலரோட போட்டி போட்டிருக்கேன்."

"ஆமாம்மா."

"அது கரகரன்னு காதுல அறுத்துச்சேண்ணே. ஒவ்வொரு தரமும் அறுத்துச்சு. நா என் காதத் திட்டிக்கிட்டே இருந்தேன்."

"உங்க காது சொன்னதுதாம்மா சரி. எங்க மூணு பேரு காதுந்தான் ஏமாந்துச்சு."

"நானாவோட ரெக்கோர்டை அனுப்பச் சொல்லுங்க" என்று மட்டும் கடைசியாகச் சொன்னார்.

நானா அன்று மாலையே அனுப்பிவிட்டார். தபால் ஐயாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "இலக்கணம் தப்பாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இலக்கணத்த விட்டுட்டு ரோலர நம்பிட்டேன் பாருங்க" என்றார். வருத்தத்தை விட வியப்புத்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்த மாதத்தில் பிடித்த கெசட் ஏதும் இருந்தால் அதில் அந்த அம்மா கிழவி மாதிரிப் பாடியிருப்பாரா என்று என்னைக் கேட்டார். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அத்தையிடம் மீதிக் கெசட்டுகளைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை டீச்சர் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். அன்று நான் நிறுத்ததெல்லாம் பிழை. ஒரு சாக்குக் கராம்பை இரண்டு தரம் நிறுத்து இரண்டு விதமாகச் சொன்னேன். நானா கல்லாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்நேர அசர் தொழுகைக்குப் போகும்போது போனை என்னிடம் கொடுத்து, "அடிச்சா எடுங்க" என்றுவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம். பின்னால் கொழும்பு பஸ் ஸ்டாண்டின் இரைச்சல்.

"பாடிட்டேன் நானா."

"என்னா செல்றாங்க?"

"முடிவு பின்னாடிதான் வருமாம். அதெல்லாம் தெரியாது." மூச்சு வாங்கினார். "அந்த இடத்துல நின்னேன் நானா. நேரா நின்னேன். தம்புரா ஓடிக்கிட்டே இருக்கு, குரல் அதுக்குள்ள போயி உக்காந்திருச்சு. எடுக்கவே மனசு வரல. ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல. மிருதங்கக்காரரு என்னத் திரும்பிப் பாத்தாரு."

"பொறகு?"

"பாட்டு முடிஞ்சதும் அங்க இருந்த ஒரு ஐயா மைக்கப் போட்டுக் கேட்டாரு, 'ஏம்மா, ஸட்ஜத்துல அவ்வளவு நேரம் நின்னீங்க?'ன்னு."

"நீங்க என்னா சென்னீங்க?"

"எனக்கு வேற ஒன்னும் சொல்ல வரல நானா. 'அது அசையுதான்னு பாத்தேன் சார்'னு சொல்லிட்டேன்."

நானா என்னைப் பார்த்தார். கொண்டக்டர் ஒருவர் மாத்தளை, மாத்தளை என்று கத்துவது போனில் கேட்டது.

"அவரு சிரிக்கல நானா. 'அசைஞ்சுதா?'ன்னு கேட்டாரு. 'இல்ல சார்'னேன். சரி, பஸ் வெளிக்கிடுது. வெக்கிறேன்."